நைவேத்தியத்துக்கு ஆகாத காய்

என் அக்கா ரமாவின் கணவர் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கக்கூடப் போய் நான் பார்த்ததில்லை. தாகம் எடுத்தால் கூடத்தில் உட்கார்ந்தபடி தொண்டையைக் கனைப்பார். அக்கா டம்ளரோடு வருவாள். வைத்தீஸ்வரன் என்று பெயர். எனக்கு அத்திம்பேர். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் பாதி மல்லேஸ்வரத்துக்கு விளக்கு எரியவைத்த மனுஷர், சொந்த வீட்டு காஸ் அடுப்பின் குமிழ் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமலேயே எழுபது வயது வரை சௌக்கியமாக இருந்தார். அப்படிப்பட்டவர் இப்போது கண் விழித்ததும் முதலில் யோசிப்பது இன்றைக்கு என்ன குழம்பு என்பதைத்தான். ஓய்வு பெற்றபின் வந்த உத்தியோகம். இதில் லீவு கிடையாது.

எல்லாம் ஒரு காய்ச்சலால் வந்தது. போன ஆடி மாதம் அவர்கள் குடியிருக்கும் கட்டடம் முழுக்க அடித்துப்போட்ட காய்ச்சல். அத்திம்பேருக்கு வந்தது, பார்க்க வந்த எனக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் மூக்கு மரத்துப்போய் சில நாளில் திரும்பிவிட்டது. அக்காவுக்கு மட்டும் திரும்பவில்லை. மல்லிகைப் பூவை மூக்கில் வைத்தால் ஈரமாக இருக்கிறது என்பாள். அவ்வளவுதான். நாக்குக்கு உப்பும் புளிப்பும் காரமும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரசமும் சாம்பாரும் அவளுக்கு ஒன்றுதான், சுடுகிற புளித்தண்ணீர். காப்பி கசக்கிற வெந்நீர்.

மூக்கு போனால் யாருக்குமே கஷ்டம்தான். ஆனால் என் அக்காவுக்குப் போனது வேறு கணக்கு. எங்கள் வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார்கள். சுவாமிக்குக் காட்டுவதற்கு முன் நாக்கில் பட்டால் எச்சில். நான் இதையெல்லாம் பேங்க் வேலைக்குப் போன காலத்திலேயே காற்றில் பறக்கவிட்டவள், கரண்டியை நக்கிப் பார்த்துத்தான் இறக்குவேன். அக்கா அப்படி இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு சொட்டு ரசத்தைக் கையில் விட்டுப் பார்த்ததில்லை. எல்லாம் மூக்குதான். கொதி வரும்போது ஆவியில் முகத்தைக் காட்டி, "உப்பு ஒரு கல் கம்மி" என்பாள். சரியாக இருக்கும். முகர்ந்து பார்ப்பதும் தப்பு என்று சாஸ்திரம் சொல்லும்தான், ஆனால் அடுப்பங்கரையில் மூச்சு விடாமல் நிற்க யாரால் முடியும்? அந்த ஒரு சலுகையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் ஓட்டினாள். அதுவும் போனதும் அவளுக்குச் சமையலே போய்விட்டது.

முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணளவில் சமைத்துப் பார்த்தாள். ஒருநாள் அத்திம்பேர் சாங்கி ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்க காஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. குமிழ் திறந்தபடி இருக்கிறது. அக்கா அதற்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், தீப்பெட்டி பக்கத்திலேயே. அவர் சிலிண்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, "இனிமே நீ அடுப்புக் கிட்ட போகப்படாது" என்றார். கோபத்தில் இல்லை, பயத்தில். அக்கா நறுக்கின காயை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாளாம். இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொல்லி அழுதார்கள்.

டாக்டர், "வரும், வராமலும் போகலாம், மூக்கைப் பழக்குங்கள்" என்றார். அத்திம்பேர் ஆபீஸ் பழக்கத்தில் ஒழுங்காக ஆரம்பித்தார். கிராம்பு ஒரு சீசாவில், எலுமிச்சைத் தோல் ஒன்றில், நீலகிரித் தைலம் ஒன்றில், பன்னீர் ஒன்றில். காலையும் மாலையும் அக்கா ஒவ்வொன்றாக முகர வேண்டும். "ஏதாவது தெரியறதா?" "இல்லை." "கொஞ்சம்?" "இல்லைன்னா." கேட்கிறவருக்கும் சொல்கிறவளுக்கும் வாய் வலித்தது. கார்த்திகை வந்தபோது சீசாக்கள் ஜன்னல் கட்டையில் தூசி படிந்து நின்றன. யாரும் எடுத்துப்போடவும் இல்லை.

சமையலுக்கு ஆள் வைத்தார்கள். வந்த அம்மாள் வெங்காயம் நறுக்கின கத்தியை எங்கே வைத்தாள் என்று அக்கா கேட்ட கேள்வியில் அடுத்த வாரமே போய்விட்டாள். அடுத்து வந்தவளும் அதே கதை. மகன் தேஜஸ் டொராண்டோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, "இன்னொரு குக் வெச்சுக்கோங்கோப்பா" என்பான். சொல்வதற்கென்ன. கடைசியில் அத்திம்பேரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அக்கா சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து உத்தரவு வரும். கடுகு வெடிச்சாச்சா, தீயைக் குறையுங்கோ, புளி ஜாஸ்தி, அந்தக் கரண்டி இல்லை. அவர் தப்பித்தவறி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டால் போச்சு. "ஸ்வாமிக்குக் காட்டலை! ருசி பாக்காதீங்கோ!" மூக்கு போனாலும் மடி போகவில்லை. அவருக்கோ ஆவியை வைத்து உப்புச் சொல்லும் மூக்கு கிடையாது. ஆக, முகர முடியாதவள் மேற்பார்வையில், ருசி பார்க்கக் கூடாதவர் சமைத்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒருநாள் உப்பே இல்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாது. நான் சனிக்கிழமைகளில் ஜெயநகரிலிருந்து மெட்ரோ ஏறி வருவேன். வீட்டிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். என்ன செய்ய, எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

அவருடைய சமையல் நாளாக ஆகத் தேய்ந்து, ஒரு ரசம், ஒரு பீன்ஸ் கறி, தயிர் என்று நின்றது. அக்கா அதையும் சாப்பிடவில்லை. தட்டில் வைத்ததை அளைவாள், இரண்டு கவளம் உள்ளே போகும், "போறும்" என்று எழுந்துவிடுவாள். "ரப்பரை மென்னு முழுங்கற மாதிரி இருக்குடி வத்ஸி" என்பாள் என்னிடம். அவளுடைய ரவிக்கைகளை நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பொங்கலுக்கு ஒருமுறை பிடித்தேன், சிவராத்திரிக்குள் மறுபடி பிடிக்கவேண்டி வந்தது. இனி பிடிக்கத் துணி இல்லை. எடை இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ட்ரிப்ஸ் ஏற்றவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அத்திம்பேர் என்னை மெட்ரோ வரை விட வந்தார். சம்பிகே ரோட்டில் கூடவே நடந்தவர், ஸ்டேஷன் படியில் நின்றார்.

"வத்ஸலா, நேக்கு அலுத்துப்போச்சு."

"அவ சாப்பிடாததா?"

"அதுகூட இல்லைம்மா. அது துக்கம். இது வேற. நாளைக்கும் அடுப்பு ஏத்தணுமே, யாரும் சாப்பிடாத ரசத்தை நாளைக்கும் வெக்கணுமேன்னு இருக்கு. காலம்பர எழுந்துக்கவே பிடிக்கலை. அவ கிட்ட சொல்லிடாதே."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பீன்ஸ் கூடையை மடியில் வைத்தபடி அவர் தூங்கி விழுவதை அக்கா தினமும் அந்த நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

பங்குனி வெயில் ஆரம்பித்த சமயம். மாடி வீட்டில் மமதா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள், சாஃப்ட்வேர் கம்பெனி, ஷிவமொக்கா பக்கம் ஊர். நான் அங்கே இருந்த ஒரு சனிக்கிழமை காலையில், தோளில் பையோடு இறங்கி வந்து அத்திம்பேர் கையில் ஒரு கட்டைக் கொடுத்தாள். "அங்கிள், இதன்ன தகொள்ளி. நானு ஊரிந்த பரோஷ்டரல்லி ஹாளாகோகத்தே." ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் கெட்டுவிடும், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று. வாசலில் டாக்ஸி நின்றது. "ஆஸ்பராகஸ், அங்கிள், ஹெல்த்துக்கு ஒள்ளேது" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.

கட்டைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். பச்சைப் பசேலென்று, விரல் கனத்தில் தண்டுகள். இலை கிடையாது. நுனியில் மட்டும் செதில் செதிலாக மூடின மொட்டு மாதிரி ஒன்று.

"கீரைத்தண்டு ஜாதி" என்றார் அத்திம்பேர்.

அக்கா ஒன்றை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "தலை பூ விட ஆரம்பிச்சுடுத்து. முத்தல். அதைக் கிள்ளிப் போட்டுட்டுத் தண்டை வெச்சுக்கோங்கோ."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கீரையில் பூ வந்துவிட்டால் அந்த நுனியை யார் சமைப்பார்கள்? மூன்று பேரும் ஒருமனதாக உட்கார்ந்து எல்லாத் தலைகளையும் கிள்ளி எறிந்தோம். அடித்தண்டின் கனம் திருப்தியாக இருந்தது. வாழைத்தண்டுக்கு விரலில் நார் சுற்றுவதுபோல் சுற்றப் பார்த்தேன், வரவில்லை. விரல் நீளத்துக்கு நறுக்கி, பருப்போடு குக்கரில் வைத்து, விசில் போதுமா என்று சந்தேகப்பட்டு இன்னும் ஒன்று விட்டு, தேங்காய் அரைத்துக் கூட்டாகப் பண்ணினார் அத்திம்பேர்.

அந்தக் கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேலெல்லாம் கொழகொழ, உள்ளே கயிறு. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்புவதுபோல் தட்டோரத்தில் துப்பினாள். "போறும்." எழுந்துவிட்டாள். அத்திம்பேர் மிச்சத்தை வாசலில் வரும் மாட்டுக்கு வைத்தார். அது மூக்கைக் கிட்டே கொண்டுபோய்விட்டு நகர்ந்தது. அவர் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றார். மனுஷருக்கு மாடுகூட ஒத்துழைக்கவில்லை.

மமதா திரும்பி வந்து, "ஹெங்கித்து அங்கிள்?" என்று, எப்படி இருந்தது என்று, கேட்டிருக்கிறாள். அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ அங்கிள், தின்னோதே தலே!" என்றாளாம். தின்பதே அந்தத் தலையைத்தான். அடித்தண்டுதான் குப்பை. பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தண்ணீர் விட்ட டம்ளரில் பூ மாதிரி நிற்கவைக்க வேண்டும். அடியைப் பிடித்து வளைத்தால் இளசும் முற்றலும் சேரும் இடத்தில் ஒடியும். வாணலியில் கொஞ்சம் வெண்ணெய், உப்பு, நான்கு பிரட்டு, கடைசியில் எலுமிச்சை. உடனே தட்டு, உடனே வாய். ஆறினால் துவண்டுவிடும், அப்புறம் ஒன்றுமில்லை.

அத்திம்பேர் இன்னொரு நாளாக இருந்தால் "சாக்கும்மா", போதும்மா என்று விட்டிருப்பார். ஆனால் இன்ஜினியர் இல்லையா, நல்ல பகுதியைக் குப்பையில் போட்டுவிட்டு ஸ்கிராப்பைச் சமைத்தோம் என்பது அவரைக் குடைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, அவரே கடையில் தேடி வாங்கிய ஒரு கட்டு மேஜைமேல் டம்ளரில் நின்றுகொண்டிருந்தது.

வாணலி அடுப்பில் ஏறியது. அக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு ஆசையும் இல்லை. அன்றைக்கு அவள் காப்பியைக்கூடத் தொடவில்லை.

அவர் ஒரு தண்டை வளைத்தார். பட்டென்று ஒடிந்தது. இன்னொன்று. சிலது மேலே ஒடிந்தது, சிலது கீழே. ஒடிந்த இடத்துக்கு மேலே இன்னும் நார் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். நகத்தால் கீறினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெண்ணெய் உருகித் தண்டுகள் சீறின. ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். நான் "ருசி பாக்காதீங்கோ" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இதை ஸ்வாமிக்குக் காட்ட முடியாதே" என்றாள் மெதுவாக.

"ஏன்?"

"என்ன காய்னே தெரியாது. வேரா, தண்டா, பூவா? சைவமா அசைவமான்னு கேட்டாக்கூட உங்களுக்குச் சொல்லத் தெரியாது. பேர் தெரியாததை எப்படிக் காட்டறது? ஸ்வாமிக்கு பீன்ஸ் கறி வேற பண்ணிடுங்கோ."

"அப்போ இது?"

"இது நமக்குத்தான்." கொஞ்சம் யோசித்தாள். "அப்போ ருசி பாக்கலாம். தப்பில்லை."

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். இத்தனை மாதமாக அந்த அடுப்படியில் கூலியில்லாத வேலை பார்த்த மனுஷர், முதல் தடவையாக, பெண்டாட்டி கண் முன்னால், அடுப்புப் பக்கத்திலேயே நின்று ஒரு தண்டைக் கடித்தார். மென்றார். அடிப்பக்கம் நார் தட்டியது போலிருக்கிறது, முகம் சுருங்கியது. மிச்சத் தண்டுகளை எடுத்து இன்னும் கொஞ்சம் மேலே ஒடித்தார். மறுபடி கடித்தார். உப்பு ஒரு சிட்டிகை போட்டார். மறுபடி. எலுமிச்சையைப் பிழிந்து, சுடச்சுடத் தட்டில் சரித்தார்.

"மேஜைக்கு வா" என்றேன் நான் அக்காவிடம்.

"மேஜைக்குப் போறதுக்குள்ளே ஆறிடும்" என்று அவர் தட்டைக் கொண்டுவந்து அக்கா மடியிலேயே வைத்தார்.

அந்த வீட்டில் அவர் சாப்பிட்டு எழாமல் அக்கா சாப்பிட்டதே கிடையாது, நோவு வந்த பிறகும்கூட. "நீங்க சாப்பிடலையே" என்றாள். "சுடறபோதே தின்னு" என்றார் அவர், கொஞ்சம் எரிச்சலாகவே. நின்று நின்று கால் வலித்திருக்கும். அவள் ஒன்றை விரலால் எடுத்தாள், தலையைக் கடித்தாள். வாயில் அது முறியும் சத்தம் எனக்கே கேட்டது. நிறுத்தி, மென்று, இன்னொரு கடி. அடுத்ததை எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம், சாப்பிடும் குழந்தையைக் கண் வைக்கக் கூடாதென்று நகர்ந்து நிற்பதுபோல.

"எப்படி இருக்கு?" என்று கடைசியில் அவர்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"வாசனை ஒண்ணும் தெரியலை. ஆனா சத்தம் நன்னா இருக்கு. உப்பு சரியா இருக்கு." தட்டைப் பார்த்தாள். "எல்லாத்தையும் நானே தின்னுட்டேனே."

அத்திம்பேர் தட்டை வாங்கித் தேய்க்கப் போட்டார். அவர் வாணலி தேய்ப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்தத் தோள்களைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. ஒரு தட்டு காய்க்காக ஒரு மனுஷர் இவ்வளவு களைக்க வேண்டியிருக்கிறதே என்று.

மோர்சாதம் ஆனதும் அவர் கூடத்துச் சோபாவில் சாய்ந்து உடனே தூங்கிவிட்டார். நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா பாத்ரூம் போனாள். வெளியே வந்தபோது முகம் சிடுசிடு என்று இருந்தது. பாத்ரூம் விஷயத்தில் அவள் எப்போதுமே கண்டிப்பு. நாளுக்கு இரண்டு தடவை பினாயில் விட்டுக் கழுவாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

"ஏன்னா! எழுந்திருங்கோ. பாத்ரூம்ல என்ன பண்ணி வெச்சிருக்கேள்?"

அவர் கண்ணைத் திறக்காமலே, "என்ன?" என்றார்.

"அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வீச்சம். சகிக்கலை."

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "வெயில்ல குழாய்க்கு அடியில ட்ராப்ல தண்ணி வத்தியிருக்கும், சாக்கடை வாடை மேலே வரும்" என்று முனகிக்கொண்டே வேட்டியைத் தூக்கிக் கட்டினார். "இந்த ஒண்ணுதான் பாக்கி இருந்தது. இதையும் நானே பாக்கறேன்." பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, தண்ணீர் வடியும் ஜாலியில் ஊற்றினார். ஃப்ளஷை இழுத்தார். இன்னொரு பக்கெட் ஊற்றினார். "நேக்கு ஒரு வாடையும் தெரியலையே" என்று குனிந்து மோந்து பார்த்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார். கையில் காலி பக்கெட்.

"ரமா, இப்போ என்ன சொன்னே?"

"வீச்சம் அடிக்கறதுன்னேன்."

"யாருக்கு?"

"நேக்குத்தான். வேற யாருக்கு, நீங்கதான் ஒண்ணும் தெரிய..." அக்கா நிறுத்திக்கொண்டாள். அவள் கை தானாக மூக்குக்குப் போனது.

நான் ஊசியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. அத்திம்பேர் சமையலறைக்கு ஓடினார். அவருக்கு ஓடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே திறந்தார். அக்கா இழுத்தாள். தலையை ஆட்டினாள். காப்பிப் பொடி. இல்லை. ஜன்னல் கட்டையிலிருந்து அந்தத் தூசி படிந்த சீசாக்கள். கிராம்பு, இல்லை. தைலம், கண் எரியறது, வாசனை இல்லை. பன்னீர், இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் ஒரு படி இறங்கியது.

"பிரமை போலிருக்கு" என்று உட்கார்ந்துவிட்டாள். "விடுங்கோ. ஆசைல ஏதோ தோணியிருக்கு. போறும்."

அந்தப் "போறும்" எனக்குப் பொறுக்கவில்லை. மாடிக்குப் போய் மமதாவின் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அக்காவின் மூக்கு ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்தினாள். ஆஸ்பராகஸ் தின்றால் கொஞ்ச நேரத்தில் மூத்திரம் நாறும், எல்லோருக்கும் தெரிந்ததுதான் ஆன்ட்டி, ஆனால் சிலர் மூக்குக்கு மட்டும் அந்த வாடை தெரியாது, என் அப்பாவுக்குத் தெரியாது என்றாள்.

நான் கீழே வந்து அப்படியே சொன்னேன். பிரமை இல்லை. வீச்சம் நிஜம். அத்திம்பேருக்குத் தெரியாத வாடை என் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

அத்திம்பேர் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தார். "நான் கழுவி விட்டுட்டேனே" என்றார். மனுஷர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இத்தனை மாசம் கழிச்சு வந்தது. ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டேனே, ரமா."

அக்கா அவரைப் பார்த்தாள். எழுந்தாள். சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து, அங்கேயே நின்று, அண்ணாந்து குடித்தாள். இன்னொரு சொம்பு. பிறகு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போலக் காத்திருந்தாள். வெளியே பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். அத்திம்பேர் பக்கெட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

கடைசியில் அவள் எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவள் வெளியே வரவில்லை. அத்திம்பேர் கதவருகே போனார்.

"ரமா?"

கதவில் காதை வைத்தார்.

"ஃப்ளஷ் பண்ணிடாதே" என்றார்.

"பண்ணலை."

"இருக்கா?"

உள்ளே அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. விட்டாள். மறுபடி, நீளமாக இழுத்தாள்.

"இருக்கு."

அத்திம்பேர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"வெளியிலே வாயேன்" என்றார்.

"இருங்கோன்னா" என்றாள் உள்ளே இருந்து என் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரம்."